நாற்பத்தெட்டும் அறுபதும்

2006 நவம்பர். டெல்லி தல்கதோரா உள்ளரங்கில் பெண்களுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டி. 46 கிலோ பிரிவில் மணிப்பூரின் மேரி கோம் தங்கம் வென்றார். அது அவருக்கு மூன்றாவது உலகப் பட்டம். 60 கிலோ பிரிவில் அயர்லாந்தின் கேட்டி டெய்லர் தங்கம் வென்றார். வயது 20, முதல் உலகப் பட்டம். அடுத்து 2008-இல் சீனாவின் நிங்போ, 2010-இல் பார்படோஸின் பிரிட்ஜ்டவுன். இரண்டு இடத்திலும் இதே இருவர் தத்தம் பிரிவில் மறுபடி தங்கம். மூன்று உலகப் போட்டிகளில் ஒரே கூரையின் கீழ் ஜெயித்தவர்கள் ஒருமுறைகூட ஒருவரோடு ஒருவர் மோதியதில்லை. மோதவும் வழியில்லை; நடுவே எடை நிற்கிறது.

பெண்கள் குத்துச்சண்டையை வளர்த்தது யார் என்று பேச்செடுத்தால் இங்கே மேரி கோம் பெயர்தான் முதலில் வரும். டப்ளினிலோ லண்டனிலோ கேட்டால் கேட்டி டெய்லர் என்பார்கள். பதக்கக் கணக்கை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உலகப் போட்டிகளில் மேரிக்குத் தங்கம் 6, கேட்டிக்கு 5. ஒலிம்பிக்கில் கேட்டிக்குத் தங்கம், மேரிக்கு வெண்கலம். இந்த ஒலிம்பிக் இடைவெளியைத் திறமையின் இடைவெளியாக எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இடைவெளியில் பெரும்பங்கு தராசுக்குச் சேர வேண்டியது. ஒலிம்பிக்கோடு அது நிற்கவும் இல்லை. இருவரும் பின்னால் எந்தப் பக்கம் போனார்கள், யாருக்கு வழிவிட்டார்கள், யாருக்கு விடவில்லை என்பது வரைக்கும் அந்தத் தராசின் முள் எட்டுகிறது.

முதலில் வீடுகளைப் பார்ப்போம்.

மணிப்பூர், சுராசந்த்பூர் மாவட்டம், கங்காதேய் என்ற சிற்றூர். கோம் பழங்குடிக் குடும்பம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். மேரி மூத்த பெண். பள்ளியில் ஓட்டமும் ஈட்டி எறிதலும்தான் அவருடைய விளையாட்டு. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் பிள்ளைகள் கிளவுஸ் தேடிப் போக ஆரம்பித்தார்கள், மேரியும் போனார். இம்பாலில் கோசானா மைதேயிடம் பயிற்சி. வீட்டில் மூச்சு விடவில்லை. 2000-இல் மாநிலப் பட்டம் வென்றதும் நாளிதழில் படம் வந்துவிட்டது. அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். அவரும் இளமையில் மல்யுத்தம் பழகியவர்தான். ஆனாலும் மூக்கு உடைந்து முகம் வீங்கினால் நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார் என்று கவலைப்பட்டார். கங்காதேய்க்கு மட்டும் சொந்தமான கவலை இல்லை அது. மதுரையிலும் இதையேதான் கேட்பார்கள்.

கேட்டியின் வீட்டில் நிலைமை நேர் எதிர். டப்ளினுக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் ஊர் பிரே. அப்பா பீட்டர் டெய்லர் நாட்டின் முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். மகளுக்கு அவரே கோச். அம்மா பிரிட்ஜெட் அந்நாட்டில் குத்துச்சண்டைக்கு நடுவராக உட்கார்ந்த முதல் பெண்களில் ஒருவர். துறைமுகத்தை ஒட்டிய பழைய படகுக்கொட்டகைதான் பயிற்சிக்கூடம். அதில் கழிப்பறை கிடையாது. வீடு முழுக்கக் குத்துச்சண்டைதான், ஆனால் சண்டை போட ஆள் கிடையாது. பெண்களுக்கான ஆட்டத்தை அயர்லாந்தின் சங்கம் அங்கீகரிக்கவே இல்லை. தலைமுடியைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு, பட்டியலில் ‘கே. டெய்லர்’ என்று மட்டும் பெயர் கொடுத்து, பையன்களோடு மோதிக்கொண்டிருந்தார் அந்தச் சிறுமி. ஆட்டம் முடிந்து கவசத்தைக் கழற்றும்போதுதான் எதிராளிக்கும் அரங்குக்கும் விஷயம் தெரியும். 2001 அக்டோபர் 31 அன்று டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் அயர்லாந்தின் முதல் அதிகாரபூர்வப் பெண்கள் குத்துச்சண்டை நடந்தது. 15 வயதுக் கேட்டி அதில் ஜெயித்தார்.

ஒருவருக்கு வீடு அடைத்திருந்தது, இன்னொருவருக்குச் சங்கம் அடைத்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், சங்கத்து விஷயத்தில் நாம்தான் முந்திக்கொண்டோம். அதே 2001 பிப்ரவரியில் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி நம் சென்னையில் நடந்தது. மேரியின் முதல் தேசியத் தங்கம் அங்கேதான். கேட்டி முறையான முதல் ஆட்டம் ஆடிய அடுத்த மாதமே, அமெரிக்காவின் ஸ்க்ராண்டனில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் மேரி வெள்ளி வாங்கிவிட்டார். இந்தியச் சங்கத்துக்கு இவ்வளவு தாராள மனசு எங்கிருந்து வந்தது? ஆண்கள் உலகப் போட்டியில் இந்தியர் ஒருவர் பதக்கம் தொட்டது 2009-இல்தான். விஜேந்தர் சிங்கின் வெண்கலம். அதற்குள் மேரி கணக்கில் 4 தங்கமும் 1 வெள்ளியும் ஏறியிருந்தன. ஆண்களிடம் கிடைக்காத பதக்கம் பெண்களிடம் கிடைத்தது. அதனால் அனுப்பினார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். 2006 டெல்லிப் போட்டியில் இந்தியாவுக்கு 4 தங்கம்: மேரி, சரிதா தேவி, ஜென்னி, லேகா. இதில் எத்தனை பெயர் நமக்கு நினைவில் இருக்கிறது? அப்போது இந்த ஆட்டத்துக்கு ஒலிம்பிக் கிடையாது, ஆகவே விளம்பரமும் கிடையாது.

ஒலிம்பிக் கதவைத் தட்டியதில் இருவருக்கும் வேறு வேறு பங்கு. 2008 பெய்ஜிங்கில் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, தரமும் பரவலும் போதாது என்று 2005-இல் ஒலிம்பிக் கமிட்டி கைவிரித்துவிட்டது. அந்தத் தரம் கண்ணால் பார்த்துத் தெரிய வேண்டியது. உலகச் சங்கம் காட்சி ஆட்டங்கள் நடத்தியபோது, அதிகாரிகள் முன்னால் நிறுத்தப்பட்டவர் கேட்டி. அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் அவரை நிறுத்தினார்கள் என்று புரியும்: வேகமான கைகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வரும் குத்துகள், அடித்த இடத்தில் நிற்காத கால்கள். பொழுதுபோக்காகப் பார்க்க வந்தவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் ஆட்டம். மேரியின் பங்கு காட்சியில் இல்லை, தொடர்ச்சியில் இருந்தது. பரிசுப் பணமோ தொலைக்காட்சியோ இல்லாத காலத்தில் உலகப் போட்டி நடந்த ஒவ்வொரு தடவையும் வந்து பதக்கம் வென்றார். 2007 ஆகஸ்டில் இரட்டைப் பிள்ளை பெற்றவர், 2008-இல் நிங்போவில் நான்காவது தங்கம் வாங்கினார். தரத்துக்குக் கேட்டி சாட்சி என்றால் ஆட்டம் நிலைத்திருக்கும் என்பதற்கு மேரி சாட்சி. 2009 ஆகஸ்டில் பெர்லினில் கமிட்டி சம்மதித்தது. லண்டன் 2012.

சம்மதம் முழுசாக வரவில்லை. ஆண்களுக்கு அதுவரை 11 எடைப்பிரிவு. அதில் ஒன்றைக் குறைத்து 10 ஆக்கி, பெண்களுக்கு 3 கொடுத்தார்கள். 51, 60, 75 கிலோ. மொத்தம் 36 பெண்கள். ஆண்களோ 250 பேர். இந்தப் பங்கீட்டில் என்னை உறுத்துவது எண்ணிக்கையைவிட ஒரு சின்ன விவரம். லண்டனில் ஆண்களின் மிகக் குறைந்த பிரிவு 49 கிலோ. பெண்களின் மிகக் குறைந்த பிரிவு 51 கிலோ. சிறுகட்டு உடம்புள்ள ஆணுக்கு இருந்த இடம் சிறுகட்டு உடம்புள்ள பெண்ணுக்கு இல்லை. யோசித்துச் செய்தார்களா, யோசிக்காமல் செய்தார்களா என்று கேட்டால், இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேட்டி எந்த எடையில் உலகப் பட்டங்களை வரிசையாக வென்றாரோ அதே 60 அப்படியே ஒலிம்பிக்கில் இருந்தது. பழகிய உடம்போடு, பழகிய எதிராளிகளோடு அவர் லண்டன் போனார். மேரி 2008-இல் 46 கிலோவில் ஆடியவர். உலகச் சங்கம் தொடக்கப் பிரிவை மாற்றியதால் 2010-இல் 48-க்கு ஏறி அங்கேயும் ஜெயித்தவர். இனி ஒலிம்பிக் வேண்டும் என்றால் 51. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று கிலோ ஒரு பண்டிகைச் சாப்பாடு. ரிங்குக்குள் கதை வேறு. மேரியின் உயரம் 5 அடி 2 அங்குலம். கீழிருந்து 51-க்கு ஏறி வருகிறவர் எதிரே, 54-இல் ஆடிவிட்டு எடையைக் கரைத்து இறங்கி வந்தவர் நிற்பார். அவர் உயரமும் கை நீளமும் 54-க்கானவை. அவருடைய நேர்க்குத்து வந்து விழும் தூரத்திலிருந்து மேரியின் குத்து எட்டாது. உள்ளே புகுந்துதான் அடிக்க வேண்டும். புகும்போது இரண்டு வாங்க வேண்டும்.

லண்டனில் மேரியின் முதல் ஆட்டமே அப்படிப்பட்ட ஒருவரோடுதான். போலந்தின் கரோலினா மிஹால்சுக், 2008-இல் 54 கிலோவின் உலகச் சாம்பியன். மேரி 19-14 என்று ஜெயித்தார். அன்று அவருடைய இரட்டையர்களுக்கு ஐந்தாவது பிறந்தநாள். அடுத்து துனிசியாவின் மரூவா ரஹாலி, 15-6. அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸ் 11-6 என்று முடித்துவைத்தார். இந்த ஆடம்ஸ் கதையில் ஒரு விதி விளையாட்டு உண்டு. அந்த ஆண்டு மே மாதம் சீனாவின் சின்ஹுவாங்தாவில் நடந்த தகுதிப் போட்டிக் காலிறுதியிலும் மேரியைத் தோற்கடித்தவர் அவரே. ஆனால் ஆடம்ஸ் அரையிறுதியையும் ஜெயித்ததால்தான் மேரிக்கு லண்டன் டிக்கெட் கிடைத்தது. உள்ளே அனுப்பியவரும் வெளியே அனுப்பியவரும் ஒரே ஆள்.

கேட்டிக்குத் தங்கம் தட்டில் வைத்து வந்துவிடவில்லை. காலிறுதியில் பிரிட்டனின் நத்தாஷா ஜோனஸை 26-15 என்று வாரிவிட்டார். அன்று எக்ஸெல் அரங்கில் அயர்லாந்து ரசிகர்கள் போட்ட கூச்சல் அந்த ஒலிம்பிக்கின் பேச்சாக இருந்தது. இறுதியில் ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவா எதையும் கொடுக்காமல் பூட்டி ஆடினார். இரண்டாம் ரவுண்டு முடிவில் கேட்டி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். மூன்றாம் ரவுண்டில் முந்தி, 10-8 என்று தப்பினார். அது அவர் உழைப்பு. அதில் தராசுக்குப் பங்கில்லை. நான் கேட்பது வேறு: கமிட்டி 48, 57, 69 என்று மூன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், 57-க்கு இறங்கவோ 69-க்கு ஏறவோ வேண்டிய கேட்டியின் கதை என்னவாகியிருக்கும்? 48-இல் நின்ற மேரியின் கதை என்னவாகியிருக்கும்?

பிரியங்கா சோப்ரா நடித்த ‘மேரி கோம்’ படம் நிங்போவோடு முடிந்துவிடும், லண்டன் வராது. அப்பாவின் கோபம், பிள்ளைப்பேறு, சங்கத்து அரசியல் எல்லாம் திரையில் நன்றாக எடுபடும். எடை எடுபடாது. 2018 செப்டம்பரில் போலந்தின் கிளிவிட்ஸ் ஊரில் நடந்ததை மேரியே சொல்லியிருக்கிறார். விடியற்காலை மூன்று மூன்றரைக்கு அங்கே போய் இறங்கினார்கள். ஏழரைக்கு எடை பார்க்க வேண்டும். 48-க்கு மேல் இரண்டு கிலோ கூடுதல். தவறினால் போட்டியிலிருந்தே நீக்கம். விமானக் களைப்போடு ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்து ஒரு மணி நேரம் குதித்தார். வியர்வையாய் இரண்டு கிலோ இறங்கியது. அந்தப் போட்டியிலும் தங்கம். வயது அப்போது 35. அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆறாவது உலகத் தங்கம், அதுவும் 48-இல்தான். சொந்த எடைக்குத் திரும்பும்போதெல்லாம் அவர் என்ன செய்தார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

லண்டனுக்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கேட்டி காலிறுதியிலேயே ஃபின்லாந்தின் மீரா போட்கோனனிடம் தோற்றார். அதற்குள் அப்பாவோடு இருந்த கோச் உறவும் முறிந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அங்கே பெண்கள் புதியவர்கள் இல்லை. கிறிஸ்டி மார்ட்டின், லைலா அலி எல்லாம் முன்பே கூட்டம் சேர்த்தவர்கள். ஆனால் ஆண்களின் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் இடம் நிரப்பும் ஆட்டமாகவே அது பெரும்பாலும் இருந்தது. 2022 ஏப்ரல் 30 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் தடவையாகப் பெண்களின் ஆட்டம் முதன்மை ஆட்டமானது. கேட்டியும், போர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செரானோவும். அரங்கில் 19,187 பேர். இருவருக்கும் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஊதியம். ஐந்தாம் ரவுண்டில் செரானோவின் அடியில் கேட்டி கிட்டத்தட்டச் சாய்ந்துவிட்டார். மூக்கில் ரத்தம், கால் தள்ளாட்டம், மணி அடிக்கும்வரை எப்படியோ நின்றார். பிறகு மீண்டு வந்து, நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பில் ஜெயித்தார். 2024-லும் 2025-லும் இதே ஜோடி மறுபடி மோதியது, இரண்டிலும் கேட்டி. மூன்றாவது தடவை மேடிசன் ஸ்கொயரில் அன்றைய அட்டவணை முழுக்கப் பெண்களே.

இதில் கேட்டியிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தொழில்முறையில் பெண்களின் பட்டச் சண்டைக்கு வழக்கமாக 2 நிமிட ரவுண்டுகள் 10. ஆண்களுக்கு 3 நிமிட ரவுண்டுகள் 12. செரானோ 2023-இல் தனியாக 12 ரவுண்டு, 3 நிமிடம் என்று ஒரு பட்டச் சண்டை போட்டுக் காட்டினார். கேட்டி 2 நிமிடத்திலேயே நின்றார். அமெச்சூரில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குள் ஆண், பெண் இருவருக்கும் 3 நிமிடத்தில் 3 ரவுண்டு என்று சமமாகிவிட்டது. தொழில்முறை இன்னும் பின்னால் நிற்கிறது. பிரிட்ஜ்டவுனில் உலகச் சங்கம் பெண்களுக்குக் குட்டைப் பாவாடைச் சீருடையைக் கொண்டுவந்து நீட்டியபோது ‘போட மாட்டேன்’ என்று வெளிப்படையாகச் சொன்னவர் கேட்டி. அந்தக் குரல் நிமிடக் கணக்கிலும் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

மேரிக்கு அப்படி ஏறிப்போக ஒரு மேடை இந்தியாவில் இல்லை. இங்கே தொழில்முறைக் குத்துச்சண்டைக்குச் சந்தை கிடையாது. கால் காசானாலும் கவர்மென்ட் காசு என்ற ஊரில், கிளவுஸ் மாட்டும் பிள்ளைக்கு எட்டும் பரிசு போலீஸ் வேலை, ரயில்வே வேலை. மேரியும் மணிப்பூர் போலீஸில் சேர்ந்தவர்தான். பத்ம விருதுகள் மூன்றும் வந்தன. 2016-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். இம்பாலில் பயிற்சிப்பள்ளி நடத்தினார். வட இந்தியக் கிராமத்து அப்பாக்கள் மகளைக் குத்துச்சண்டைக்கு அனுப்ப இந்த வாழ்க்கை ஒரு ஜாமீனாக அமைந்தது. மேடிசன் ஸ்கொயரின் விளக்கு அவ்வளவு தூரம் எட்டாது. ஆட்டத்தை உயரத்துக்குக் கொண்டுபோனவர் கேட்டி, அகலத்துக்குக் கொண்டுபோனவர் மேரி. எனக்கு அகலம்தான் பெரிது. காசு அதற்கு நேர்மாறாகச் சொல்லும்.

ஆனால் பெரிய ஆள் ஒரு எடையில் உட்கார்ந்துவிட்டால் அதே எடையில் பிறந்த இளையவள் என்ன செய்வாள்?

டப்ளினின் கெல்லி ஹாரிங்டனுக்கு இயல்பான எடை 60. அங்கே கேட்டி இருந்தார். அதனால் ஒலிம்பிக்கில் இல்லாத 64 கிலோவுக்குப் போய் 2016-இல் உலக வெள்ளி வாங்கினார். கேட்டி தொழில்முறைக்குப் போனதும் இடம் காலியானது. கெல்லி இறங்கி வந்தார். 2018 டெல்லி உலகப் போட்டியில், மேரி ஆறாவது தங்கம் வாங்கிய அதே போட்டியில், 60 கிலோத் தங்கம். பிறகு டோக்கியோவில் தங்கம், பாரிஸில் மறுபடி தங்கம்.

நிஜாமாபாத்தின் நிகத் ஜரீனுக்கு 51-இல் அப்படி இடம் காலியாகவில்லை. 2019-இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு மேரியை நேரடியாக அனுப்பப் போவதாகச் சங்கத்திலிருந்து பேச்சு வந்ததும், தேர்வு ஆட்டம் வைத்து முடிவெடுங்கள் என்று விளையாட்டு அமைச்சருக்கே கடிதம் எழுதினார் நிகத். டிசம்பர் 28 அன்று டெல்லியில் ஆட்டம் நடந்தது. மேரி 9-1 என்று ஜெயித்தார். முடிந்ததும் கைகுலுக்காமல் இறங்கிப் போய்விட்டார். டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்ற மயிரிழைத் தீர்ப்பில் தோற்றபோது அவருக்கு வயது 38. நிகத் 2022-இல் இஸ்தான்புல்லில் 52 கிலோ உலகத் தங்கம் வென்றார், 2023-இல் டெல்லியில் இன்னொன்று.

கைகுலுக்காததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது சரியில்லை. ஆனால் கேட்டி வழிவிட்டார், மேரி விடவில்லை என்று குணத்தின் மேல் பழி போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கேட்டிக்கு விலகிப் போக முப்பதாவது வயதில் பெரிய பணமும் பெரிய மேடையும் இருந்த இடம் ஒன்று காத்திருந்தது. மேரிக்கு 51-ஐ விட்டால் ஒலிம்பிக்கில் கீழே படியே இல்லை. அவருடைய சொந்த 48 அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், 51 நிகத்துக்குத் தானாகவே கிடைத்திருக்கும். கடிதமும் இல்லை, தேர்வு ஆட்டமும் இல்லை.

பெண்களின் பிரிவுகள் டோக்கியோவில் 5 ஆயின, பாரிஸில் 6. பாரிஸில் தொடக்கப் பிரிவு 50 கிலோ; அதில் நிகத் இரண்டாம் ஆட்டத்திலேயே சீனாவின் வூ யூவிடம் தோற்று வெளியேறினார், வூ யூ தங்கம் வாங்கினார். 48 வரவில்லை. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகப் போட்டியில் 48 கிலோத் தங்கம் மறுபடி இந்தியாவுக்கு வந்தது. வென்றவர் ஹரியானாவின் மீனாட்சி ஹூடா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அடுத்த ஒலிம்பிக்குக்குப் போக அவரும் எடை ஏற்றியாக வேண்டும்.